நூற்றுப் பன்னிரண்டு ஓம்

தோட்டத்துக் கிளார்க் திருமேனி
கொழுந்துத் தராசைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.
"இலக்கம் தடுமாறுதுன்னு பொம்பளைங்க சத்தம் போடுறாங்க.
வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."
தேத்தண்ணி வேண்டாமென்று பஸ்ஸைப் பிடித்தார்.

நோர்வூட் பஜாரில் பகல் இரண்டு மணிக்கே
மின்குமிழ் கேட்கும் மழை.
பக்கத்துக் கடை நஸ்ருதீனிடம் இரவல் வாங்கினேன்
வாய் பிரிக்காத பத்துக் கிலோ கோதுமை மா.
தட்டில் வைத்தேன்.
எட்டு கிலோ தொள்ளாயிரத்து முப்பது.
இறக்கி மறுபடி வைத்தேன்.
அதே எட்டு, அதே தொள்ளாயிரத்து முப்பது.
தடுமாறுகிற பொய்யைச் சீக்கிரம் பிடித்துவிடலாம்.
இது நிதானமாகச் சொன்னது.

திருகாணி நான்கு. மூடிக்குள்
வாடிய கொழுந்து வாசம், ஒரு கரப்பான் முட்டை.
பழைய பல்துலக்கியால் பலகையைத் துடைத்தேன்.
உச்சி உப்பிய கொள்ளளவி ஏதுமில்லை.
இருவாயிகள் ஒழுங்கு:
போகும் வழியில் புள்ளி ஆறு, திரும்பும் வழி அடைப்பு.
தடத்தின் இரு நுனியிலும் முனையை வைக்க
மீட்டர் கீச்சிட்டது. எங்கும் அறுபடவில்லை.

பாடப்புத்தகத்தில் தடையி, கடையில் ரெசிஸ்டர்,
மொத்தம் பதினொன்று.
நிறத்தை வாசித்து வாசித்து அளந்தேன்.
மண்ணிறம், கறுப்பு, மண்ணிறம், ஓரத்தில் பொன்:
நூறு ஓம்.
தொண்ணூற்றெட்டு என்றது மீட்டர். மன்னிக்கலாம்.

மழை விட்டு மறுபடி பிடித்தபோதுதான் உறைத்தது.
பலகையில் வைத்து அளப்பது
லயத்தில் விசாரிக்கிற மாதிரி.
ஒரு காம்பராவில் கேட்டால்
சுவருக்கு அந்தப் பக்கமும் சேர்ந்து பதில் சொல்லும்.
ஈயத்தை உருக்கி
ஒவ்வொன்றாய் ஒரு காலை மட்டும் தூக்கினேன்.
ஏழாவது அது. மண்ணிறம், கறுப்பு, மண்ணிறம்.
தனியே நிறுத்திக் கேட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு.

கருகவில்லை. வெடிக்கவில்லை.
கோடுகூட மங்கவில்லை.
உடம்பில் நூறென்று எழுதிக்கொண்டு
யாருக்கும் தெரியாமல் பன்னிரண்டு நகர்ந்திருக்கிறது.

அதன்பின் கால்குலேட்டரை எடுத்தது
தொழிலுக்காக அல்ல.
இருபது கிலோ கொழுந்து இந்தத் தட்டில் ஏறினால்
பதினேழு கிலோ எண்ணூற்று ஐம்பத்தேழு.
பதினெட்டு வந்தால் முழுப்பேர்.
வராவிட்டால் அரைப்பேர்.
மழைத் தண்ணிக்கென்று கழிப்பது வேறு கணக்கு,
அதற்கு என்னிடம் மீட்டர் இல்லை.

மதினி செபமாலை ஐப்பசியில் வந்து
இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள்.
"கை வேகம் போயிருச்சு புள்ள,
அதே நெரதான், அதே கூடதான், எட்டமாட்டேங்குது."
நான்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.
இரத்தம் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள்,
விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார்கள்.
குறை ஒன்றும் இல்லை என்று துண்டு கொடுத்தார்கள்.
அவள் அதை நம்பவில்லை.
நானும்தான்.

டப்பாவிலிருந்து புதிதாய் ஒன்று,
அளந்து, காலை வளைத்து, ஈயம் வைத்து ஊதினேன்.
கோதுமை மா பத்துக் கிலோ ஆனது.
நஸ்ருதீனிடம் திருப்பிக் கொடுத்தபோது
"கொறையுதா?" என்றார் சிரித்துக்கொண்டே.

இரவு மதினிக்கு ஃபோன் எடுத்தேன்.
நெடுநேரம் பேசவில்லை அவள்.
பிறகு கேட்டது ஒன்றுதான்:
"எப்பயிருந்து?"

எவ்வளவு என்று சொல்லும் மீட்டர்.
எப்போதிலிருந்து என்று சொல்ல
எந்த முனையை எங்கே வைப்பது?

வெள்ளிக்கிழமை பில் எழுதினேன்.
ரெசிஸ்டர் ஒன்று, பத்து ரூபா. கூலி எண்ணூறு.
கோளாறு என்ற இடத்தில், இலக்கத்தில் அல்ல, எழுத்தில்:
நூறு இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு,
பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ எழுபது கிராம் குறைவு.
கார்பன் தாள் இரண்டு வைத்து அழுத்தி எழுதினேன்.

திருமேனி இரண்டு தடவை வாசித்தார்.
"இதெல்லாம் எழுதணுமா?"
"பார்ட்ஸ் மாத்தினா எழுதுறதுதான்."
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
தராசைச் சாக்கில் சுற்ற
நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

மூன்றாவது தாளில்
பழையதைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
மதினி வருவதாகச் சொன்னாள்.
தனியாக இல்லை.